பெயர் நிற்கும் இடம்

இடம்

பேத்தமங்களாவுக்கு வருகிறவர்கள் ஏரியைப் பார்க்க வருகிறார்கள். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று நடந்து, வாயலூரில் கடலைச் சேருமுன், வழியில் இங்கே ஏரியாகத் தேங்குகிறது. கோலார் தங்கவயல் சுரங்கக் குடியிருப்புகளுக்குக் குழாயில் தண்ணீர் போனது இங்கிருந்துதான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அந்தக் குடியிருப்புகளின் லைன் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை ஊர். சோற்று மூட்டையோடு வருவோம். தண்ணீர் நிறைந்திருந்தால் தண்ணீரைப் பார்ப்போம். வற்றியிருந்தால் ஏரிக்குள் மேயும் மாடுகளைப் பார்ப்போம்.

கரையை விட்டு இறங்கினால் ராகிக் கொல்லைகள். மார்கழி வாக்கில் ராகியை அறுத்து முடித்திருப்பார்கள். ஊடுபயிராக விதைத்த அவரை மட்டும் சால் சாலாக நிற்கும். பகல் சுருங்கிப் பனி இறங்கும்போதுதான் இந்த ஊர் அவரை பூக்கும். பூக்கும் தண்டின் நுனியில், இளம் பிஞ்சின் காம்பில், கருப்பாக அசுவினி, ஊர்ப் பேச்சில் பேன் பூச்சி, அப்பியிருக்கும். அதன் இனிப்புக் கழிவைத் தேடி எறும்பு ஏறும்.

இந்தக் குறிப்புகள் அந்த அசுவினியைச் சுற்றி வரும் ஓர் ஈயைப் பற்றியவை. மூன்று ராகி மணிகளை வரிசையாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு நீளம். சுமார் ஐந்து மில்லிமீட்டர். வேளாண்மைத் துறைக்காரர்கள் இந்தக் குடும்பத்தைச் சிர்பிட் ஈ என்பார்கள். பூவில் காண்பதால் நான் பூ ஈ என்று எழுதி வைக்கிறேன்.

ஈயா, தேனீயா

முதல் கேள்வி எல்லோருக்கும் இதுதான். மஞ்சளும் கருப்புமாக ஏதோ ஒன்று பூவில் உட்கார்ந்தால், கை தானாகப் பின்னுக்குப் போகிறது. அந்தத் தயக்கத்தில்தான் பூ ஈயின் பாதுகாப்பு இருக்கிறது. அதற்குக் கொடுக்கு கிடையாது. கொட்டுகிறவற்றின் உடையைப் போட்டுக்கொண்டு திரிகிறது.

பிரித்தறியச் சில இடங்களைப் பார்த்தால் போதும். தேனீக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு. தேனீயின் உணர்கொம்பு நீண்டு, முழங்கைபோல் மடங்கியிருக்கும். பூ ஈக்குக் குட்டையாக, முகத்துக்கு முன்னால் ஒட்ட வைத்ததுபோல் இருக்கும். ஈயின் தலையில் பெரும்பகுதி கண்தான். ஆணின் இரு கண்களும் பெரும்பாலும் உச்சியில் ஒன்றையொன்று தொடும். பெண்ணுக்கு நடுவில் இடைவெளி இருக்கும்.

இவ்வளவும் ஈ என்று சொல்லும். அந்தக் குடும்பம்தான் என்று உறுதி சொல்வது இறக்கையில் ஓடும் ஒரு கோடு. இறக்கையின் மற்ற நரம்புகள் எங்காவது தொடங்கி, எங்காவது போய்ச் சேரும். இந்தக் கோடு மட்டும் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிறது. எதோடும் சேர்வதில்லை. நரம்புபோலத் தெரியும் ஒரு தடிப்பு, அவ்வளவுதான். உலகில் சுமார் ஆறாயிரம் இனங்கள் உள்ள ஒரு குடும்பத்துக்கு அடையாளச் சீட்டாக இருப்பது, எங்கும் போய்ச் சேராத இந்தக் கோடு. கைலென்ஸை வெயிலுக்குத் திருப்பி, இறக்கை மினுங்கும் கோணம் கிடைக்கும்வரை பொறுத்தால் தென்படும்.

நிற்றல்

ஈ அந்தரத்தில் நிற்கிறது என்கிறோம். உண்மையில் அது ஒரு கணமும் நிற்பதில்லை. இறக்கை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது; காற்று ஒரு பக்கம் தள்ள, ஈ அதே அளவுக்கு மறு பக்கம் தள்ளுகிறது. அந்தக் கணக்கு சரியாகிக்கொண்டே இருப்பதைத்தான் நாம் அசைவின்மை என்று பார்க்கிறோம்.

கணக்குப் பார்க்கும் கருவி இறக்கைக்குப் பின்னால் இருக்கிறது. மற்றப் பூச்சிகளுக்குப் பின்னிறக்கை இருக்கும் இடத்தில், ஈக்களுக்குச் சிறு குமிழ் வைத்த இரு தண்டுகள் இருக்கின்றன. இறக்கை மேலே போனால் அவை கீழே, இறக்கை கீழே வந்தால் அவை மேலே. உடம்பு சற்றுச் சுழன்றாலும் அந்த ஆட்டத்தில் ஒரு விலகல் ஏற்படும். தண்டின் அடியில் உள்ள நரம்புகள் அதை உணர்ந்து இறக்கைத் தசைக்குச் சொல்லும். பறக்க உதவிய இரண்டு இறக்கைகளைக் கொடுத்து, தான் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று அறியும் திறனை வாங்கிக்கொண்ட கூட்டம் இது. நல்ல பேரம் என்று தோன்றுகிறது.

பெரிய இனங்களின் ஆண்கள் ஒளி விழும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே நின்று காவல் காக்கும். நமது ஐந்து மில்லிமீட்டர் ஈ அப்படி உயரப் போவதில்லை. செடியோடு செடியாக, முழங்காலுக்குக் கீழே உலவுகிறது. நின்று பார்த்தால் அது இல்லை. குந்தினால் இருக்கிறது.

சிறியவற்றுக்குச் சலுகை

கொட்டும் பூச்சியின் வேடம் போடுகிறவை எல்லாம் நன்றாகப் போடுவதில்லை. சில பூ ஈக்கள் குளவியை அப்படியே படியெடுத்திருக்கும். சில பெயருக்கு இரண்டு மஞ்சள் பட்டை போட்டுக்கொண்டு நிற்கும். அரைகுறை வேடம் எப்படி அழியாமல் நிலைத்தது? வேடங்களைப் பற்றி 1862இல் ஹென்றி பேட்ஸ் அமேசான் வண்ணத்துப்பூச்சிகளை வைத்து எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி துரத்திக்கொண்டு வருகிறது.

2012இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு பல பூ ஈ இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. உருவத்தில் பெரியவை நன்றாக வேடம் போட்டிருந்தன. சிறியவை மோசமாகப் போட்டிருந்தன. பறவைக்குச் சிறிய ஈயால் வயிறு நிறையாது. அதைத் துரத்தும் அக்கறையும் குறைவு. துரத்துகிறவன் இல்லாதபோது வேடத்தைச் செம்மைப்படுத்தும் நெருக்கடியும் இல்லை.

நமது ஈயைக் குளவி என்று எந்தக் கரிச்சானும் ஏமாறாது. கருத்த முதுகு, கருப்பும் செம்பழுப்புமான வயிறு, அதில் வெளிறிய மெல்லிய பட்டைகள். சற்றுத் தள்ளி நின்றால் சிறு தனித்தேனீ ஒன்று போலத் தோன்றும், அவ்வளவுதான். சிறியதாக இருப்பதே அதற்கு மறைவு. நம் கண்ணிலிருந்தும் அந்த மறைவுதான் அதைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

ஒதுக்கி ஒதுக்கி

அடையாளம் காண்பது பெரும்பாலும் ஒதுக்கும் வேலை. இந்தக் கொல்லைகளில் பூ ஈக்கள் பல உண்டு. ஏரியோரம் கொழகொழத்த சேற்றருகே பெரிய தலையும் புள்ளியோ கோடோ போட்ட கண்களுமாக எரிஸ்டலைனஸ் உட்கார்ந்திருக்கும். அதன் புழு அழுகல் நீரில், வால்போன்ற குழாயை மேலே நீட்டி மூச்சு விடும். அது இல்லை, உருவமே வேறு.

ஆரஞ்சு வயிற்றில் இரட்டைக் கருப்புப் பட்டை போட்ட எபிசிர்ஃபஸ் இல்லை. முதுகின் இரு ஓரமும் பளிச்சென்ற மஞ்சளாக, பின்முதுகுத் தகடும் மஞ்சளாக இருந்தால் இஸ்கியோடான். இது அதுவும் இல்லை. ஒல்லியாக நீண்டு, ஆணுக்கு வயிற்று நுனியில் உருண்டையான புடைப்பு இருந்தால் ஸ்ஃபெரோஃபோரியா. முகமே கருத்துப் பளபளத்து, புல் பூவின் மகரந்தத்தைத் தின்றுகொண்டிருந்தால் மெலனோஸ்டோமா. எதுவும் பொருந்தவில்லை.

மிஞ்சியது பேரகஸ். முகம் மஞ்சளாக இருக்கிறது. உணர்கொம்பு இந்த அளவு ஈக்குச் சற்று நீளம், முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. வயிறு இரு பக்கமும் ஒரே அகலமாகப் போய், நுனி கீழே வளைந்திருக்கிறது. கண்ணில் வெண்மயிர் இருக்கிறது, ஆனால் பரவலாக இல்லை. மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக. பின்முதுகுத் தகட்டின் விளிம்பில் ரம்பப் பல் தெரிகிறது.

கடைசி இரண்டும் முக்கியம். பேரகஸில் ஒரு பிரிவுக்குக் கண்மயிர் எங்கும் ஒரே சீராக இருக்கும், தகட்டில் பல் இருக்காது. மற்றப் பிரிவுக்குக் கண்மயிர் பட்டையாக இருக்கும். நம் ஈ இந்த இரண்டாவது பிரிவில் பல் உள்ள கூட்டத்தைச் சேர்ந்தது. அதில் தென்னிந்தியாவில் அதிகம் பேசப்படும் பெயர் பேரகஸ் செர்ரேட்டஸ்.

பெயர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்து எழுதிவிடத் துடிக்கும் இடம் இதுதான்.

தரங்கம்பாடி, 1805

அந்தப் பெயருக்கு ஊர் உண்டு. லின்னேயஸின் மாணவரான டேனிஷ் அறிஞர் ஃபாப்ரீஷியஸ் 1805இல் ஈக்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பூச்சிகளை வாயுறுப்பை வைத்து வகைப்படுத்தியவர் அவர். அந்த நூலில் செர்ரேட்டஸ் என்ற பெயர் வருகிறது. மாதிரி வந்த இடம் தரங்கம்பாடி. சற்று முன் ஒதுக்கி வைத்த இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸும் அதே நூலில், அதே ஊரின் பெயரால் பதிவானதுதான்.

1620இலிருந்து 1845வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. துணியும் மிளகும் போன கப்பல்களில் பெட்டி பெட்டியாகப் பூச்சிகளும் போயின. சோழமண்டலக் கரையின் ஏதோ ஒரு செடியில் திரிந்த ஐந்து மில்லிமீட்டர் ஈ ஒன்று, ஊசியில் குத்தப்பட்டு, கடல் தாண்டி, சில வரி லத்தீனாக மாறியது. என்ன செடி, அசுவினி இருந்ததா, காலையா மாலையா என்பதெல்லாம் அந்த வரிகளில் இல்லை. அந்தக் காலத்து வழக்கத்தில் அவை தேவைப்படவும் இல்லை. உருவம் போதும்.

பிறகு 1923இல் என்ரிகோ புருனெட்டி, பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள் வரிசையில் பூ ஈக்கள் அடங்கிய தொகுதியை எழுதினார். இசைக்கலைஞராக ஊர் ஊராகப் போனவர். போன இடமெல்லாம் ஈ பிடித்தவர். நூறாண்டு ஆன பின்பும் இந்தியப் பூ ஈக்களைப் படிக்கத் தொடங்குகிறவர் அந்தத் தொகுதியைத் தாண்டிப் போக முடியாது.

1954இல் தென்னாப்பிரிக்கரான பிரையன் ஸ்டக்கன்பெர்க் செர்ரேட்டஸ் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே ஒன்றுபோல் இருந்தவற்றின் ஆண்களை அறுத்து, இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தார். ஒரே பெயரின் கீழ் பல இனங்கள் இருப்பது தெரிந்தது. புதிய பெயர்கள் வைக்கப்பட்டன. அப்படியானால் 1954க்கு முன் யாரோ எழுதி வைத்த செர்ரேட்டஸ் எல்லாம் செர்ரேட்டஸ்தானா என்ற கேள்வியும் கூடவே பிறந்தது.

ஒரு பெயர் துல்லியமாகும்போது, அதை வைத்து முன்பு எழுதியவை எல்லாம் மங்கலாகின்றன.

பெண் என்றால்

என் முன்னால் அவரைத் தண்டில் நடப்பது பெண். கண்களுக்கு நடுவே இடைவெளி தெளிவாக இருக்கிறது. ஸ்டக்கன்பெர்க் பார்த்த உறுப்பு இதற்குக் கிடையாது. இந்தக் கூட்டத்தின் பெண்களைப் புறத்தோற்றத்தால் மட்டும் பிரித்துச் சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம்.

ஆணாக இருந்தாலும், பெயர் வேண்டுமென்றால் அது சாக வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வயிற்று நுனியை ஊறவைத்து, சதை கரைந்த பின் மிஞ்சும் கூட்டை ஊசி முனையால் விரிக்க வேண்டும். பழைய பூச்சிச் சேகரிப்பாளர்கள் கொல்வதற்கு வைத்திருந்த கண்ணாடிப் புட்டியின் அடியில் சயனைடு உப்பு இருக்கும். தங்கவயல்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே சாம்பல் நிற மேடுகள் கண்ணில் வரும். பாறையை மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துப் பொன்னைப் பிரித்த பின் கொட்டிய மண் அது. காற்றடித்தால் இன்னும் வீட்டுக்குள் வருகிறது. மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதைத் தனியே பிரித்தெடுக்க ஒரு விலை உண்டு என்பதை அந்த மேடுகளுக்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொல்வதே தவறு என்று நான் வாதிடவில்லை. அருங்காட்சியகத்தில் ஊசியில் நிற்கும் ஈக்கள் இல்லாவிட்டால், இந்தப் பக்கத்தில் நான் எழுதிய ஒரு பெயரும் இருந்திருக்காது. 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டைக் குறியீட்டு முறையில் ஒரு கால் துண்டு போதும். ஆனால் நெருங்கிய இனங்கள் சிலவற்றை அதுவும் பிரித்துக் காட்டுவதில்லை. எனக்கு ஆய்வகம் இல்லை. இந்த ஒரு பெண் ஈயைக் கொல்வதால் எந்தப் பெயரும் உறுதியாகப் போவதுமில்லை.

ஆகவே நோட்டில்: பேரகஸ், பெண், செர்ரேட்டஸ் கூட்டம். அதற்கு மேல் எழுதவில்லை.

இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே

பேரினத்தோடு நிற்பது பலருக்குத் தோல்வியாகப் படுகிறது. படத்தைப் பார்த்ததும் முழுப் பெயர் சொல்கிறவரே தேர்ந்தவர் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்குத் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் நினைவுக்கு வருகிறது.

1960களில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தச் சுரங்கத்துக்குள் கருவிகளை இறக்கினார்கள். ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூட இருந்தார்கள். தேடியது நியூட்ரினோ. வளிமண்டலத்தில் பிறந்து, பாறை, மலை, பூமி எதையும் பொருட்படுத்தாமல் ஊடுருவிப் போகும் துகள். மேலே இருந்து மழையாகப் பொழியும் மற்றத் துகள்களின் இரைச்சலைத் தடுக்கத்தான் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பாறை தேவைப்பட்டது. 1965இல் அவர்கள் கண்டதை அறிவித்தார்கள்.

கண்டது நியூட்ரினோவை அல்ல. அதை யாராலும் பார்க்க முடியாது. பாறையில் எப்போதோ ஒரு தடவை அது மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற வேறொரு துகளின் தடத்தைக் கண்டார்கள். அதிலும் மேலிருந்து நேராக வருவதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து வருவதையே எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பாறையைப் பக்கவாட்டாகக் கடந்து மற்றவை வர முடியாது. ஆகவே இது நியூட்ரினோவால் பிறந்தது. தடம் இன்னது, அதற்கு இத்தனை விளக்கமே சாத்தியம், ஆகவே இது. ஒவ்வொரு படியும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும்.

என் நோட்டிலும் அதையே பழகப் பார்க்கிறேன். ஒரு பக்கம் கண்டது: கண்ணில் பட்டை மயிர், தகட்டில் பல், பெண். மறு பக்கம் கொண்டது: இன்ன கூட்டம். இரண்டையும் கலக்காவிட்டால், நாளை யாராவது என் முடிவைத் தூக்கி எறிந்தாலும் நான் கண்டது அவருக்குப் பயன்படும்.

புழு

பூவில் ஈ இருக்கும் நேரம் குறைவு. ஆண் தேன் குடிக்கிறது. பெண்ணுக்கு மகரந்தமும் வேண்டும், அந்தப் புரதம் இல்லாமல் முட்டை முதிராது. வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டும், பூக்க விட்ட கொத்தமல்லியும் அதற்குப் போதுமான பந்தி.

வயிறு நிறைந்த பெண் அவரைத் தண்டுக்கு வந்து நடக்கத் தொடங்குகிறது. அசுவினிக் கூட்டத்தின் ஓரமாகப் போகிறது, நிற்கிறது, வயிற்று நுனியை வளைத்துத் தண்டைத் தொடுகிறது. அது போன பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளையாக, நீள்வட்டமாக ஒரே ஒரு முட்டை. மேலோட்டில் நுணுக்கமான செதுக்கு வேலை இருக்கிறது. மின்னணு நுண்ணோக்கியில் அது இனத்துக்கு இனம் வேறுபட்ட கோலமாகத் தெரியும்.

சில நாளில் பொரியும். வருவது காலும் கண்ணும் இல்லாத ஒரு புழு. ஈயின் அழகில் ஒரு துளியும் அதில் இல்லை. முன்பக்கம் கூம்பிய ஒரு சதைத் துணுக்கு; வாய் இருக்கும் முனையை இப்படியும் அப்படியும் வீசித் துழாவுகிறது. அசுவினி மேல் பட்டதும் பற்றிக்கொள்கிறது. பற்றியதை அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கிறது. தூக்கப்பட்டதற்குக் கால் ஊன்ற இடமில்லை. உள்ளே இருப்பதை உறிஞ்சி முடித்துத் தோலை உதறுகிறது. பிறகு மறுபடி துழாவல். பூ ஈக்களில் பெரிய இனத்தின் புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கில் தின்றுவிடும்; பேரகஸ் சிறியது, அதன் கணக்கும் சிறியது.

தின்னும் காலம் முழுக்கக் கழிவை உள்ளேயே அடக்கி வைத்திருக்கும். கூட்டுப் பருவத்துக்குப் போகுமுன் கருப்பு எண்ணெய்போல மொத்தமாக வெளியேற்றும். பிறகு இலையடியில் ஒட்டிக்கொண்டு, தோல் இறுகி, ஒரு பக்கம் உருண்டு மறு பக்கம் ஒடுங்கிய கூடாகும்.

1805இல் பெயர் பெற்றது ஈ. அந்தப் பெயருக்குள் இந்தப் புழு இல்லை. ஊசியில் குத்திய ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அது வாழ்நாளில் பெரும் பங்கு செய்த வேலை தெரிய வழியில்லை. அசுவினித் தண்டில் புழுவைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ உழவர்களுக்கு, அதுதான் நாளை பூவில் நிற்கப் போகிறது என்பதும் தெரிய வழியில்லை. இரண்டு பாதியையும் ஒரே உயிராகச் சேர்க்க, யாரோ ஒரு புழுவைச் செடித் தண்டோடு டப்பாவில் வைத்து, தினமும் அசுவினி கொடுத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கூட்டுக்குள் இன்னொன்று

அப்படிக் காத்திருக்கிறவருக்கு எப்போதும் ஈ கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கூட்டை உடைத்துக்கொண்டு சில சமயம் மெல்லிய இடுப்பும் நீண்ட உணர்கொம்புமாக ஒரு குளவி வெளியே வரும். டிப்ளசான் லேட்டடோரியஸ் அவற்றில் பெயர் பெற்றது. வயிற்றில் சிவப்பு, பின்னங்காலில் வெள்ளையும் கருப்பும் சிவப்பும். உலகின் பெரும்பகுதியில் இருக்கிறது, இந்தியாவிலும் உண்டு. பூ ஈயின் முட்டைக்குள்ளோ இளம் புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிடும். புழு வழக்கம்போல் அசுவினி தின்று வளரும். கூடு கட்டிய பிறகு உள்ளே இருப்பது வேறு.

அவரைச் சாறு அசுவினிக்கு, அசுவினி ஈயின் புழுவுக்கு, புழு குளவிக்கு. அசுவினியின் கழிவு எறும்புக்கு. இவ்வளவும் என் கட்டை விரல் நீளமுள்ள ஒரு தண்டில். இதில் யார் பக்கம் நிற்பது என்ற கேள்வியை மனம் உடனே கேட்கிறது. நானும் ஈயின் பக்கம் நின்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். குளவியைப் படிக்க வந்த ஒருவர் இதே தண்டின் முன் குந்தியிருந்தால், அவருடைய நோட்டில் ஈ என்பது வெறும் இரை.

ஓர் உயிரைப் புரிந்துகொள்வது என்பதில் அது யாருக்கு உணவு என்பதும் சேர்ந்தது. அதைக் குறிக்காத குறிப்பு பாதிக் குறிப்பு.

மருந்து

“இன்னாபா, ஈயப் போயி இம்மா நேரமா பாத்துக்குனு கீற?”

கொல்லைக்காரர். அறுபதைத் தாண்டிய அம்மா. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் ஒரே வேகத்தில் பேசுகிறவர்.

“ஈய இல்லம்மா, அது போட்ட புழுவ. இந்தாங்க, இதுல பாருங்க. பேன் பூச்சியத் தின்னுது.”

லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆமா, தூக்கிப் புடிச்சிக்குனு கீது. நாங்க இது இலை துன்ற புழுன்னு இல்ல நெனச்சோம்.” பிறகு அடுத்த கேள்வி உடனே வந்தது: “எல்லாத்தையும் துன்னுடுமா?”

“எல்லாத்தையும் தின்னாதும்மா.”

அதுதான் உண்மை. அசுவினி பெருகிய பிறகே ஈ வந்து முட்டை வைக்கிறது. அசுவினி குட்டி போடும் வேகத்துக்கு முன்னால் புழு பல நேரம் பின்தங்கிவிடும். பொறிவண்டும் கூடச் சேர்ந்தால் நிலைமை மாறலாம், மாறாமலும் போகலாம். ஆனால் அசுவினிக்கு அடிக்கும் மருந்து புழுவையும் சேர்த்துக் கொல்லும். தப்பிய அசுவினி மறுபடி பெருகும்போது, தின்ன ஆள் இருக்காது.

அவர் சால் சாலாக நடந்து பார்த்தார். நுனியெல்லாம் கருத்துச் சுருண்டு போன நான்கைந்து சாலுக்கு மட்டும் அடிக்கச் சொல்வதாகச் சொன்னார். மற்றது இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அவரைக்காய் சந்தைக்குப் போக வேண்டிய கணக்கும் அவர் மனதில் ஓடியிருக்கும். அதற்குள் தலையிட எனக்குத் தகுதியில்லை.

அவர் ஈயின் பெயரைக் கேட்கவில்லை. அவருடைய கேள்விக்கு அது செர்ரேட்டஸா, பக்கத்து இனமா என்பது வேண்டியதில்லை, பேரினம்கூட வேண்டியதில்லை. இது இலையைத் தின்கிறதா, பேனைத் தின்கிறதா என்ற ஒன்று போதும். அந்தப் படியில் அவருடைய அறிவு முழுமையானது. என் கேள்வி இந்தக் கொல்லையில் என்னென்ன பூ ஈக்கள் வருகின்றன என்பது. அதற்குப் பேரினமும் கூட்டமும் போதும். தரங்கம்பாடி ஈயும் பேத்தமங்களா ஈயும் ஒரே இனமா என்று ஒருவர் கேட்டால், அதற்கு ஆண் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும், ஃபாப்ரீஷியஸின் மாதிரிகள் உள்ள கோபன்ஹேகன் அருங்காட்சியகப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவரின் படிப்பு வேண்டும். மூன்று கேள்விக்கும் தண்டில் நடப்பது ஒரே ஈதான்.

எத்தனை தூரம் தெரிந்தால் போதும் என்பதை ஈ சொல்வதில்லை, நூலும் சொல்வதில்லை. கேட்ட கேள்வி சொல்கிறது. ஆகவே என் நோட்டில் கண்டது, கொண்டது என்ற இரண்டு பக்கத்துக்கும் மேலே, எதற்காகப் பார்த்தேன் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுகிறேன். அந்த வரி இருந்தால், பெயர் எந்தப் படியில் நின்றாலும் அதைப் படிக்கிறவருக்கு ஏன் நின்றது என்று விளங்கும்.